காகிதக் கப்பலில் இரண்டாவது கட்டில்

சியூ எங் பினாங்கில் மீன் உருண்டை விற்றவள். சூதாட்டக் கப்பலின் இயந்திரங்களில் அவள் விட்ட பணத்துக்காக, கப்பல்காரர்கள் வருடந்தோறும் இருவர் தங்கும் அறையை இலவசமாகக் கொடுத்தார்கள்.

"நீயும் வாடி, இன்னொரு கட்டில் சும்மாத்தானே கெடக்கு" என்பாள் மகளிடம். லிஃப்ட் பொறியாளரான ஹூய் பின், "அது இலவசம் இல்லம்மா, நீ தோத்த காசு" என்று மறுத்துவிடுவாள்.

அம்மா இறந்தபின், எரித்தால் மறுவுலகில் அவளுக்குப் போய்ச் சேரும் என்ற சீன வழக்கப்படி, சடங்கில் எரிப்பதற்குக் காகிதக் கப்பல் ஒன்று செய்யச் சொன்னாள் மகள். சடங்குக்கான காகிதப் பொருள்கள் செய்யும் கடைக்காரர் தோக் சிரித்தார்.

"சூதாட்ட மிஷின் வைக்கட்டுமா? இல்லேன்னா உங்கம்மா ஏறவே மாட்டா."

"வைங்க அங்கிள். ரூம்ல ரெண்டு கட்டில் போடுங்க."

"ரெண்டாவது யாருக்கு?"

"எனக்கு."

அவர் சிரிப்பு நின்றது. "பைத்தியமா பொண்ணே? உயிரோட இருக்கறவளுக்கு இடம் போட்டு எரிச்சா, சீக்கிரம் வான்னு கூப்பிட்ட மாதிரி. உங்கம்மாவே உன்னை அடிக்க வருவா."

ஹூய் பின் ஒரே கட்டிலைக் கொஞ்சம் அகலமாகப் போடச் சொன்னாள்.

அம்மா இறந்த ஏழாம் நாள் கப்பலைக் கொளுத்தினார்கள். மேல்தளத்து மிஷின்கள் முதலில் பற்றின. அறை கடைசியாக எரிந்தது. இந்தத் தடவையும் அம்மா தனியாகத்தான் போனாள்.