நம் ஊருக்கு எதற்கு 0W ஆயில்?

1. எனக்குக் கேட்காத சத்தம்

"அண்ணே, இன்னிக்கும் காத்தால கடகடன்னு அடிச்சிச்சி. லைட்டும் எரிஞ்சிது."

தேவகி இதைச் சொல்வது அது மூன்றாவது முறை. நானும் மூன்றாவது முறையாக பானெட்டைத் தூக்கி, இன்ஜின்மேல் காதை வைக்காத குறையாகக் குனிந்து கேட்டேன். கடகடவும் இல்லை, மொடமொடவும் இல்லை. வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

பாண்டிச்சேரியில், சாரம் பகுதியில் முப்பது வருஷமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். சத்தத்தைக் கேட்டே வியாதியைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சத்தமே போடாத வண்டிக்கு என்ன வைத்தியம் பார்ப்பது?

தேவகி முதலியார்பேட்டையில் இருப்பவள். வீட்டில் மற்ற எல்லோருக்கும் மீன் வியாபாரம், இவள் மட்டும் டாக்ஸி. காலையில் தெருப்பிள்ளைகள் ஐந்து பேரைப் பள்ளியில் இறக்கிவிடுவாள். அதன்பிறகு டூரிஸ்ட் கிடைத்தால் நோணாங்குப்பம் போட் ஹவுஸுக்கு ஒரு நடை. டூரிஸ்ட் வந்தால் வரலாம், வராமலும் போகலாம். பிள்ளைகள் சவாரிதான் அவளுக்கு நிலையான பிழைப்பு. கம்பெனியின் ஃப்ரீ சர்வீஸ் முடிந்த பிறகு என்னிடம் வர ஆரம்பித்தாள். மூன்று வாரத்துக்கு முன்புதான் ஆயில் மாற்றிக் கொடுத்திருந்தேன். இப்போது இந்தக் கூத்து.

ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தேன். வால்வ் டைமிங்கில், அதாவது வால்வ் திறந்து மூடும் நேரத்தில், கோளாறு என்றது. ஏன் என்று கேட்டால் அதற்கும் தெரியவில்லை, என்னைப் போலத்தான். சென்சார் போயிருக்கும் என்று புதிது போட்டேன். மறுநாள் காலையிலும் லைட் எரிந்தது. பெட்ரோலில் தண்ணீரோ என்று சந்தேகப்பட்டு டேங்க்கைக் காலி செய்து பார்த்தேன். அதிலும் ஒன்றுமில்லை. கடைசியில், வேறு வழி தெரியாத எல்லா மெக்கானிக்கும் சொல்வதையே நானும் சொன்னேன்.

"டைமிங் செயினா இருக்கும்மா. இன்ஜின பிரிச்சிதான் பாக்கணும். பத்து நாளு ஆவும்."

அவள் முகம் சுண்டிவிட்டது.

"பத்து நாளா? புள்ளைங்க அம்மாங்க நேத்தே சொல்லிட்டாங்கண்ணே. லைட்டு எரியற வண்டி நடுரோட்டுல நின்னா யாரு பொறுப்புன்னு கேக்கறாங்க. திங்கக்கெழமக்குள்ள சரி பண்ணலன்னா வேன்ல சேத்துடுவாங்களாம். வேன்ல சேத்துட்டா அப்பறம் ஒரு புள்ளகூட திரும்பி வராதுண்ணே."

அன்று வெள்ளிக்கிழமை. நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அவள் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு நடந்தாள். பாவமாக இருந்தது. செயின்தான் கோளாறு என்று எனக்கே நம்பிக்கை இல்லாதது அதைவிடச் சங்கடமாக இருந்தது.

2. மடித்து வைத்த பக்கம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ஷெட்டைத் திறந்துவிட்டேன். பிரிப்பதற்கு முன் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினேன்.

கடகடகடகட!

தூக்கிவாரிப் போட்டது. டேஷ்போர்டில் மஞ்சள் லைட்டும் எரிந்தது. மூன்று நாளாக அவள் சொன்னது அத்தனையும் உண்மை. கொஞ்ச நேரம் ஓடியதும் சத்தம் தானாக அடங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என்னிடம் வருவது பிள்ளைகளை இறக்கிவிட்டு, பத்து மணிக்கு. அதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கும். சூட்டில் வராத சத்தம் குளிரில் வருகிறது.

உடனே அடுத்த குழப்பம். குளிரா? எந்தக் குளிர்? ஜூன் மாசம். கத்திரி முடிந்த சேதி வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருந்தது. காலை ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்ஜினைப் பிரிக்கும் முன் வண்டிக்குள் இருக்கும் சாமான்களை எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டிவைப்பது எங்கள் ஷெட் வழக்கம். பின்னால் அதைக் காணோம், இதைக் காணோம் என்று பேச்சு வரக்கூடாது. டேஷ்போர்டைத் திறந்தேன். ஒரு குடை, ஏதோ பிள்ளையின் டிபன் ஸ்பூன், வண்டியோடு கம்பெனி கொடுத்த புத்தகம். புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் மூலை மடித்திருந்தது.

அந்த மடிப்பைப் பார்த்ததும் ஆயில் மாற்றிய நாள் ஞாபகத்துக்கு வந்தது. அன்று தேவகி இதே பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, புக்குல 0W-20ன்னு போட்டிருக்கு, நீங்க 20W-50 எடுக்கறீங்களே?" என்று கேட்டாள். நான் சிரித்தேன்.

"W-ன்னா விண்டரும்மா. பனி கொட்டற ஊருக்கு அது. நம்ம ஊர்ல ஏது விண்டரு? புக்கு எழுதனவன் பாண்டிச்சேரி வெயில பாத்திருக்கானா? கெட்டியா ஊத்தனாதான் இன்ஜினு தாங்கும்."

நான் மட்டுமல்ல, எங்கள் தொழிலில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். ஆயிலை இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்போம். வழவழவென்று கெட்டியாக இருந்தால் நல்ல ஆயில், தண்ணியாக ஓடினால் ஏமாற்று வேலை. பழைய டீசல் வண்டிகளில் தொழில் கற்ற கை இது. அந்த வண்டிகளுக்கு அது சரியாகவும் இருந்தது.

இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். 0W-20 போடு, கிடைக்காவிட்டால் 5W-30 போடலாம் என்றிருந்தது. 20W-50 எந்த மூலையிலும் இல்லை. கீழே வெப்பநிலைக்கு ஒரு கட்டம். 0W-20-க்கு நேரே நீளமாக ஒரு பட்டை. அதன் இடது முனை மைனஸ் முப்பதில் இருந்தது. அன்று நான் சிரித்தது அதைப் பார்த்துத்தான். வலது முனையை நான் பார்க்கவே இல்லை. அது நாற்பது டிகிரியையும் தாண்டிப் போயிருந்தது. அதாவது நம்ம ஊர் வெயிலும் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது. புத்தகம் எழுதியவன் பாண்டிச்சேரியையும் கணக்கில் எடுத்துத்தான் எழுதியிருக்கிறான்.

அப்படியும் மனசு ஒப்பவில்லை. கடையில் 0W-20 வாங்கிவந்து, ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்து இரண்டு ஆயிலிலும் ஒவ்வொரு ஸ்பூன் விட்டேன். மெல்லிசான 0W-20 சரசரவென்று இறங்கிவிட்டது. என் 20W-50 ஆறிப்போன கூழ் மாதிரி நகர மனசில்லாமல் நின்றது.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஓடும்போது இன்ஜினுக்குள் ஆயில் கொதிக்கிற தண்ணீர் அளவுக்குச் சூடாகிறது. அதற்கு முன்னால் நம்முடைய முப்பது டிகிரி என்ன பெரிய சூடு? ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினுக்கு எந்த ஊர்க் காலையும் குளிர்தான். இந்தப் புது இன்ஜினில் வால்வ் டைமிங்கை மாற்றுவதே ஆயில் பிரஷர்தான். நூல் மாதிரிச் சந்துகள் வழியாக ஆயில் ஓடிப்போய்ச் சேர வேண்டும். நான் ஊற்றிய கூழ் சேர நேரமானது. அதுவரைக்கும் கடகட. சென்சாரும் கெடவில்லை, செயினும் கெடவில்லை. வண்டிக்கு வியாதியே நான்தான்.

3. முதலியார்பேட்டையில் காலை ஆறு மணி

பழைய ஆயிலை ஒட்ட வடித்து, ஃபில்டரையும் மாற்றி, 0W-20 ஊற்றினேன். ஊற்றும்போதே கை கூசியது. இவ்வளவு தண்ணியை ஊற்றி இன்ஜினை முடித்துவிடப் போகிறோமோ என்றுதான் தோன்றியது. சாயங்காலம் வண்டியை அவள் வீட்டில் விட்டுவிட்டு, "நாளைக்கி நான் வர்ற வரைக்கும் சாவியத் தொடாதம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் வீட்டு வாசலில் நின்றேன். தேவகி உள்ளே ஏறி உட்கார்ந்தாள். நான் பானெட்டின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஸ்டார்ட் பண்ணும்மா."

"பண்ணிட்டேன்."

"இன்னும் பண்ணலயே?"

"ஓடுதுண்ணே! தோ, லைட்டும் இல்ல!"

கையில் லேசான அதிர்வு தெரிந்தது. அழுகை வரும்போல் இருந்தது, சிரித்துச் சமாளித்தேன். அவள் இறங்கி ஓடிவந்தாள்.

"இன்னாண்ணே பண்ணீங்க? செயின மாத்திட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். 'சின்ன அடைப்பு, எடுத்துட்டேன்' என்றும் சொல்லலாம். இந்தத் தொழிலில் அப்படிச் சொல்வதற்கு ஆயிரம் வாக்கியம் உண்டு. எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது.

"செயின்ல ஒண்ணுமே இல்லம்மா. நான் ஊத்தன ஆயிலுதான் கோளாறு. புக்குல இருக்கறத ஊத்தனேன், சரியாயிடுச்சி."

அவள் வண்டிக்குள் குனிந்து இன்ஜினை நிறுத்தினாள்.

"அன்னிக்கே காட்னேனேண்ணே."

"காட்டன."

"நீங்க சிரிச்சீங்க. அண்ணனுக்குத் தெரியாததான்னு நெனச்சி மூடி வச்சிட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. புத்தகத்தில் எழுதியிருந்ததைவிட என் சிரிப்பை அவள் நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையால்தான் ஐந்து பிள்ளைகளின் சவாரியும் அவள் கைவிட்டுப் போயிருக்கும். வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

திங்கட்கிழமை ஐந்து பிள்ளைகளும் அதே வண்டியில்தான் பள்ளிக்குப் போனார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பானெட்டைத் திறக்கும் முன் டேஷ்போர்டைத் திறந்து அந்தப் புத்தகத்தைப் பாருங்கள். பட்டையின் இரண்டு முனையையும் பாருங்கள். என் குழப்பம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. இத்தனை வருஷத்தில் நான் கெட்டி ஆயில் ஊற்றி அனுப்பிய புது வண்டிகளில் எத்தனை, யார் யார் வீட்டு வாசலில் காலையில் கடகடத்தனவோ. எல்லாவற்றையும் நான் பத்து மணிக்குத்தானே கேட்டேன்.

தேவகி இப்போதும் என்னிடம்தான் ஆயில் மாற்ற வருகிறாள். வந்ததும் புத்தகத்தை விரித்து என் கையில் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றுகொள்வாள்.

"படிங்கண்ணே. சத்தமா."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படிக்கிறேன்.