பின்னால் பார்த்து உட்கார்ந்த மாமியார்

சாரத்தில் வீடு, லாஸ்பேட்டையில் அலுவலகம். மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். வழியில் கொக்கு பார்க் சிக்னல். ஒரு நாள் காலை அங்கே சிவப்பு விளக்குக்காக நின்றேன். வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால், நியூட்ரலில், இடது காலை ஊன்றி, யாரும் குறை சொல்ல முடியாதபடி நின்றேன். பின்னால் வந்த கார் நிற்கவில்லை.

இடி பலமானதல்ல. ஆனால் என்னையும் வண்டியையும் சேர்த்து உந்தி, கோட்டைத் தாண்டி, சந்திப்பின் நடுவில் கொண்டுபோய் விட்டது. நான் கீழே விழவில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று. விழுந்திருந்தால் அது விபத்து. விழாமல் நின்றதால் நான் சிக்னலை மீறியவன் ஆகிவிட்டேன். போக்குவரத்துக் காவலர் விசிலை ஊதிக்கொண்டே வந்து, படித்தவர் மாதிரி இருக்கிறீர்களே, சிவப்பு தெரியவில்லையா என்று கேட்டார். பின்னால் கையைக் காட்டினேன். காரை ஓட்டியவர் அதற்குள் இறங்கி வந்திருந்தார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, கவலையான முகம்.

"சார், நீங்க நிப்பீங்கன்னு நெனைக்கல," என்றார்.

அதை மன்னிப்பாகச் சொன்னாரா, புகாராகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காவலர் அவர் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் நிறைய அனுதாபம் இருந்தது.

முதுகுத்தண்டின் அடியில் ஒரு வாரம் வலி. வலி போன பிறகு பயம் வந்தது. ஓட்டுவதற்குப் பயமில்லை, நிற்பதற்குத்தான். நின்றவுடன் பின்கழுத்தில் யாரோ ஊதுவது போல் இருக்கும். எங்கெங்கோ கேட்டும் பார்த்தும் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். நின்றாலும் நியூட்ரலுக்குப் போகாமல் கிளட்சைப் பிடித்து முதல் கியரிலேயே வைத்திருப்பேன். முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டி நிற்காமல் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் விடுவேன். ஹேண்டிலை எப்போதும் வண்டிகளுக்கு நடுவே ஏதாவது ஓர் இடுக்கைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பேன். பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, பின்விளக்கைச் சிமிட்டச் செய்வேன். பார்வை பக்கக் கண்ணாடியிலேயே இருக்கும். ஒரு வண்டி வந்து எனக்குப் பின்னால் முழுதாக நின்ற பிறகுதான் மூச்சு வரும். இத்தனையும் நல்ல பழக்கங்கள்தான். ஆனால் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்ததால் பச்சை விழுவது தெரியாமல் போயிற்று. தினமும் பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்து என்னை எழுப்பினார்கள்.

கடைசியில் சிக்னலே இல்லாத வழியாக அலுவலகம் போக ஆரம்பித்தேன். சந்து சந்தாகப் புகுந்து, உழவர்கரைப் பக்கம் சுற்றி, ஒரு மாட்டுக் கொட்டகையின் ஓரமாக வெளியே வந்து லாஸ்பேட்டையைப் பிடித்தேன். மாடுகள் பின்னாலிருந்து இடிப்பதில்லை. ஆனால் அலுவலகத்தில் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மாட்டுக் கொட்டகை என்று எழுத முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வீராம்பட்டினத்துக்காரர். மாமனார் கடலுக்குப் போவார். மாமியார் முப்பது வருஷத்துக்கு மேல் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவர். குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாப்பிள்ளை இருக்கும் இடத்தில் அந்தக் குரல் எழும்பாது. என்னோடு அவர் நேராகப் பேசியதே கிடையாது. சோறு வேண்டுமா என்று கேட்பதானாலும் பிரிட்ஜைப் பார்த்து, "சாப்டறதா இருந்தா போடலாம்," என்பார். பிரிட்ஜுக்குப் பதிலாக நான் பதில் சொல்வேன்.

அவருக்கு முட்டியில் தேய்மானம். கொக்கு பார்க்கைத் தாண்டி ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குத் தினமும் காலையில் போக வேண்டும். என் மனைவி நர்ஸ். விடியற்காலையிலேயே தன் ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அதனால் அம்மாவைக் கூட்டிப்போகும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆட்டோ வைத்துவிடலாமே என்றேன். போகிற வழியில்தானே இருக்கிறது என்றாள் மனைவி.

முதல் நாள் வாசலில் ஒரு சிக்கல். ஒருக்களித்து உட்கார்ந்தால் முட்டியை மடக்க வேண்டும். மடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விழாமலிருக்க மாப்பிள்ளையின் தோளைப் பிடிக்க வேண்டும். அது அதைவிடக் கூடாது. மாமியார் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அரிசி மூட்டை கட்டுவதற்காகப் பின்னால் நான் ஓர் அகலமான கேரியர் போட்டிருந்தேன். அதன்மேல் ஒரு தலையணையை வைத்தார். பக்கத்து வீட்டுப் படியில் ஏறி நின்று, என் முதுகுக்குத் தன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தலையணைமேல் நீட்டிக்கொண்டார். இருபுறமும் இருந்த கம்பியைக் கைகளால் பிடித்துக்கொண்டார். இரண்டு முதுகுகளுக்கும் நடுவில் மரியாதைக்காக என் ஆபீஸ் பையைச் செருகினார். பிறகு ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிக் கொண்டைமேல் கவிழ்த்துக்கொண்டார்.

"போலாம்," என்று எதிர்வீட்டு கேட்டிடம் சொன்னார்.

அவரை ஏற்றிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போக முடியாது; குழியில் முட்டி குலுங்கும். நேர் வழியில்தான் போனேன். கொக்கு பார்க்கில் சிவப்பு. நின்றேன். பின்கழுத்து கூசியது. அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வெள்ளக் காரு ஒண்ணு வருது. போன்ல பேசிக்கினே வரான். நிக்கிற மாதிரி தெரியல."  பிறகு மார்க்கெட் குரல்: "டேய், நில்லு!" மறுபடியும் தணிந்து, "நின்னுட்டான்."

கண்ணாடியில் பார்த்தேன். மாமியார் வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டிருந்தார். கார் நாலடி தள்ளி நின்றிருந்தது. ஓட்டியவர் போனை மடியில் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். அவர் கண்ணுக்கு நேராக இரண்டு உள்ளங்கால்கள், அவற்றுக்கு மேலே ஒரு கை, அதற்கும் மேலே ஒரு ஹெல்மெட். யாராக இருந்தாலும் நிற்பார்கள்.

இடி வாங்கிய நாளுக்குப் பிறகு அன்றுதான் ஒரு சிக்னலில் நிம்மதியாக நின்றேன். எதிரே ஒரு வேப்பமரம் இருப்பதையே அன்றுதான் கவனித்தேன்.

அப்புறம் தினமும் இதுதான். ஒவ்வொரு சிக்னலிலும் வருகிற வண்டி எது, என்ன வேகம், ஓட்டுகிறவரின் லட்சணம் என்ன என்று மாமியார் காற்றிடம் சொல்லிக்கொண்டிருப்பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாட்களில் பின்னால் வருகிறவர்களை ஒழுங்குபடுத்தவும் ஆரம்பித்துவிட்டார். ஸ்கூட்டர்களை இடது பக்கம் ஒதுக்கினார். பெரிய வண்டிகளைத் தள்ளி நிறுத்தினார். ஆச்சரியம், எல்லோரும் கேட்டார்கள். கல்லூரி மாணவர்கள் வணக்கம் வைத்தார்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர் சிவப்பு விளக்கு முடிவதற்குள் வஞ்சிரம் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மனைவி சும்மா இருக்கவில்லை. அவளுடைய வார்டில் யாரோ ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். தன் அம்மாவை நான் மூட்டை போலக் கட்டி எடுத்துப்போவதாக ஊரே நினைக்கிறது என்றாள். உங்கள் அம்மா விருப்பப்பட்டுத்தான் அப்படி உட்காருகிறார் என்றேன். அம்மாவைக் கேட்டாள். கால் நீட்ட வசதியாக இருக்கிறது என்று அவர் பிரிட்ஜிடம் சொன்னார்.

பிசியோதெரபி முடிந்து இனி வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை நான் வண்டியை எடுக்கும்போது மாமியார் தலையணையோடு வாசலில் நின்றார். லாஸ்பேட்டையில் இருக்கும் தங்கையைப் பார்க்க வேண்டுமாம். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கை. அதற்கு மறுநாளும் அந்தத் தங்கைதான். ஒரு வாரம் கழித்து அந்தச் சித்தி என் மனைவிக்குப் போன் செய்து, அக்காவுக்குத் தன்மேல் இவ்வளவு பாசம் எப்போது வந்தது, காலையில் தங்களால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை என்று அழாத குறையாகச் சொன்னார்.  முட்டி சரியாகிவிட்டது என்று மாமியாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்படி ஒரு காலையில் அதே சிக்னலில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஒரு பழைய கார் வந்து அழகாக நின்றது. ஓட்டியவர் பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை பார்த்து அங்கிருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர், தொப்பி வைத்திருந்தார். மாமியாரின் கையைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தாராம். அந்தக் காருக்குப் பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர், முன்னால் யாரோ ஓர் அம்மா வண்டியில் திரும்பி உட்கார்ந்திருக்கிறாரே என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"மாப்ள, எடு!"

அவ்வளவுதான் கேட்டது. கிளட்சை விட்டேன். முதல் கியரிலேயே இருந்ததால் வண்டி தாவியது. ஹேண்டில் ஏற்கெனவே காட்டியிருந்த இடுக்கில், ஒரு பஸ்ஸுக்கும் பால் வண்டிக்கும் நடுவில் போய் நின்றோம். பின்னால் டமார் என்றது. திரும்பினால், நாங்கள் நின்ற இடத்தில் பெரியவரின் கார் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் ஆட்டோ சொருகியிருந்தது. தலையணை நடுரோட்டில் கிடந்தது. யாருக்கும் அடியில்லை.

பெரியவர் இறங்கி ஆட்டோக்காரரைப் பிரெஞ்சில் பிடித்துக்கொண்டார். நெடுநேரம், நிறுத்தி நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு பேசினார். ஆட்டோக்காரர் ஏதோ ஆசீர்வாதம் போலக் கைகட்டிக் கேட்டார். காவலர் வந்தார். என்னை அன்று பிடித்த அதே காவலர். இதில் இடிபடாத ஒரே வண்டி என்னுடையதுதான், அதனால் விசாரணையை என்னிடமிருந்து தொடங்கினார். ஆட்டோக்காரர் காரணத்தைத் தெளிவாகச் சொன்னார்: அந்தம்மா திரும்பி உட்கார்ந்திருந்தார், அதனால் பார்த்தேன், பார்த்ததால் இடித்தேன்.

திரும்பி உட்காரக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்பது காவலருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மூன்று பேர் போகக் கூடாது, ஹெல்மெட் இல்லாமல் போகக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். எங்களிடம் அந்தக் குறைகள் இல்லை. ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். அங்கே சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். கடைசியில், எப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்கள், காட்டுங்கள் என்றார். மாமியார் தலையணையைத் தட்டிப் போட்டு, பஸ்ஸின் படியில் ஏறி, முறைப்படி உட்கார்ந்து காட்டினார். அதைப் பார்க்க நாலு பக்கமும் வண்டிகள் நின்றன. பச்சை விழுந்தும் யாரும் போகவில்லை.

"இனிமே முன்னாடி பாத்து ஒக்காருங்க," என்றார் காவலர்.

"முன்னாடி பாக்கத்தான் மாப்ள இருக்காரே," என்றார் மாமியார். "ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்து இன்னா பண்றது?"

காவலர் போனைப் பையில் போட்டார். பிறகு எல்லோரையும் போகச் சொன்னார்.

அன்று மாலையிலிருந்து மாமியார் என் கண்ணில் படவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் அவர் சமையலறைக்குப் போனார்; சமையலறைக்குப் போனால் மாடிக்கு. விபத்தில் பயந்துவிட்டார் போல என்று நினைத்தேன். மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். மாப்பிள்ளையை 'எடு' என்று ஒருமையில் சொல்லிவிட்டாராம். 'எடுங்க' என்று சொல்லியிருக்க வேண்டுமாம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லையாம்.

'எடுங்க' என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கார் எங்கள்மேல் வந்திருக்கும் என்று நான் சொல்லி அனுப்பினேன். அது எடுபடவில்லை. மூன்றாம் நாள் நானே மாடிப்படியில் வழி மறித்து, "அத்த, நீங்க அப்படிச் சொன்னதாலதான் நான் உயிரோட இருக்கேன்," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப சொன்னதுல தப்பில்லன்றீங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

திரும்பி உட்காருவதை மனைவி அடியோடு தடை செய்துவிட்டாள். ஆனால் மாமியாருக்கு ரோடு பிடித்துப்போயிருந்தது. மகளிடம்கூடக் கேட்காமல், சீட்டுப் பணத்தை எடுத்து, இருபுறமும் துணைச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார். லாஸ்பேட்டை மைதானத்தில் தங்கையின் பேரப்பிள்ளைகள் பின்னால் ஓட, ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்ஸும் எடுத்தார். மீண்டும் காலையில் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்றார். மார்க்கெட் கிழக்கே இருக்கிறது, கொக்கு பார்க் வடக்கே. இருந்தாலும் முதலில் என்னோடு கொக்கு பார்க் வரை வந்து, சிக்னலில் எனக்குப் பின்னால் நின்று, நான் போன பிறகுதான் திரும்பிப் போகிறார். அகலமான வண்டி, அதைத் தாண்டி என்னை இடிக்க யாராலும் முடியாது.

இப்போது மனைவிக்குக் கவலை வந்துவிட்டது. அம்மாவுக்குப் பின்னால் யார் நிற்பது என்று கேட்டாள். ஷிப்டை மாற்றிக்கொண்டு தன் ஸ்கூட்டரில் அம்மாவுக்குப் பின்னால் வரத் தொடங்கினாள். பத்து நாள் கழித்து, தனக்குப் பின்னால் யாருமே இல்லை என்பது அவளுக்கே உறைத்தது. அன்று இரவு சாப்பாட்டில் மூவரும் இதை நிறையப் பேசினோம். எப்படிப் பார்த்தாலும் ஒரு வண்டி கடைசியில் வந்தது. மாமியார்தான் தீர்த்து வைத்தார். முறை போட்டுக்கொள்ளலாம் என்றார்.

இந்த வாரம் கடைசி ஆளாக நிற்பது நான்.