உறங்காத நிரல்

தொண்ணூறுகளின் இறுதியில், ஈக்காட்டுத்தாங்கலில் என் மருமகன் நடத்திய தகடு அழுத்தும் பட்டறையில் கணினிப் பொறுப்பு என்னுடையது. லினக்ஸ் கணினி ஒன்றுதான் அங்கே பிரஸ் இயந்திரத்தை இயக்கியது. எந்தக் கருவியின் ஒயரைச் செருகினாலும் உடனே கண்டறிந்து அதைத் தயார்ப்படுத்தும் நிரலை, நொடியும் ஓயாமல் ஓடும்படி அமைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஒரு நண்பகலில் கணினியிலிருந்து பிரஸ்ஸுக்குப் போகும் ஒயர் கழன்று பிரஸ் நின்றுபோயிற்று. சிக்கிய தகட்டை எடுக்க, பிரஸ் ஓட்டும் தொழிலாளி செல்வம் உள்ளே கைவிட்டான். கணினியருகே அவன் மைத்துனன் தாஸ் நின்றிருந்தான்.

"ஒயரு கழண்டுகினு கீது மாமா, மாட்டிடறேன்!" என்று சொல்லியபடியே செருகினான்.

நிரல் பிரஸ்ஸைக் கண்டுகொண்டு, தயார்ப்படுத்துவதற்காக அதன் அழுத்தும் தலையை ஒருமுறை கீழே இறக்கியது. செல்வத்தின் அலறல் தகரக் கூரையில் மோதியது. எலும்பு நொறுங்கிய கையை வெளியே இழுத்தபோது இரத்தம் என் வேட்டியில் பீறிட்டது.

மருமகன் அவனை ஆட்டோவில் ஏற்றிச் சென்றதும், தாஸ் இரும்புக் கம்பியால் கணினித் திரையை உடைத்தான். பிறகு என் சட்டையைப் பற்றிச் சுவரில் மோதினான்.

"நான் ஒயரத்தானே மாட்டுனேன்? அத்த எறங்கச் சொல்லி யாரு கூப்ட்டா? சொல்லு பெர்சு!"

ஒருவரும் அழைக்கவில்லை.

செல்வத்தின் கை பிழைத்தது, சுட்டுவிரல் பிழைக்கவில்லை. இயந்திரத்தருகே எவருமில்லை என்று ஒருவர் பார்த்துக் கட்டளையிட்டால் மட்டும் ஓடி, வேலை முடிந்ததும் நின்றுவிடும்படி அந்த நிரலை மாற்றினேன்.

நாள்தோறும் விடியலில் நான் பள்ளியெழுச்சி பாடுகிறவன். எழுப்பிய பிறகே கண்மலரும் இறைவனை வணங்கிவிட்டு, ஒரு பொறியை மட்டும் ஏன் உறங்கவிடாமல் வைத்திருந்தேன் என்று எண்ணும்போது, பாட்டின் நடுவே இன்றும் அடியை மறந்து முதலிலிருந்து தொடங்குகிறேன்.