வால்வு கைப்பிடி

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம், வீட்டுக்காரர் கீழே. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் ஒரு வால்வு உண்டு. காலையில் ஒரு மணி நேரம் அதைத் திறந்துவிட்டு, பிறகு அடைத்து, கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். எங்களிடம் இருந்தால் தண்ணீரை வாரி இறைத்துவிடுவோமாம்.

ஒரு நாள் ராஜபாளையத்தில் கல்யாணம் என்று, வால்வைத் திறந்தது திறந்தபடியே விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பினார். கைப்பிடியை மட்டும் அந்த மகராசன் மறக்காமல் எடுத்துப்போனார். பத்து மணிக்கு எங்கள் அடுப்படிக் குழாய் உடைந்தது. மொட்டைமாடிக்கு ஓடி, இடுக்கியால் வால்வைத் திருகிப் பார்த்தேன். வழுக்கியதே தவிர அசையவில்லை. போனில் சொன்னேன்.

"சாப்பிட்டுட்டு வாரேன், செத்த நேரம் பொறுங்க" என்றார்.

தொட்டி காலியாகும்வரை தண்ணீர் படியிறங்கி, அவர் வீட்டுக் கதவுக்கு அடியில் நுழைந்தது.

மத்தியானம் வந்தவர் நனைந்துபோன அரிசி மூட்டையைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கைப்பிடியை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"ஒரு வால்வ அடைக்கத் தெரியாதா சார்? என்னத்தப் படிச்சீக?"

மன்னிப்புக் கேட்டது நான்தான். கைப்பிடி இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது.