லோ வோல்டேஜ் என்று சொன்ன எட்டு மாதம்

முதலில் மூச்சுதான் காட்டிக்கொடுத்தது. அம்மையார்குப்பத்தில் நான் வேலை செய்யும் விசைத்தறிக் கொட்டகைக்கு மூன்றே படி. மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்கினேன்.

கொட்டகையில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். எட்டுத் தறி ஓடும் சத்தத்தில் நீளமாகப் பேச முடியாது. அதனால் மிஷின் பேச்சே எங்களுக்குப் பழகிவிட்டது. பசித்தால் சார்ஜ் போச்சு. கோபம் வந்தால் ஹீட். காய்ச்சலில் படுத்தால் ட்ரிப். நானும் கத்தினேன், "லோ வோல்டேஜுடி!"

பக்கத்துத் தறி சரசு சிரித்தாள். "இன்னாக்கா, தெனமும் லோ வோல்டேஜா? பாவா கிட்ட சொல்லி ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டிக்கோ!" என் கணவரை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

மாதத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் எனக்கு உதிரம் போய்க்கொண்டிருந்தது. ஆண்களும் தறி ஓட்டும் இடத்தில் அதைக் கத்திச் சொல்ல முடியுமா? வோல்டேஜ் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. வீட்டிலும் அதையே சொன்னேன்.

என் கணவர் ஆர்.கே.பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். "சார்ஜே நிக்கலங்க இவளுக்கு" என்று அவரே சொன்னார். நான் தலையாட்டினேன். டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். நாங்கள் சொன்னதற்கு அதுதான் மருந்து.

எட்டாவது மாதம், அறுந்த நூலை முடியக் குனிந்தவள் அப்படியே சாய்ந்தேன். சரசு ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினாள். திருத்தணி ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். பெண் டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"வெளுத்துப்போய் இருக்கியேம்மா. என்ன பண்ணுது?"

"லோ வோல்டேஜ் மாதிரிங்க..."

"வோல்டேஜ கரண்ட் ஆபீஸ்ல பாத்துப்பாங்க. உடம்புல என்ன ஆவுது, அத சொல்லு."

கட்டிலருகே நின்ற என் கணவரை அவர் வெளியே அனுப்பினார். அதன் பிறகும் வாய் வரவில்லை. சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"போவுதுங்க. நிக்கவே மாட்டேங்குது."

"எவ்ளோ நாளா?"

"எட்டு மாசமா."

அவர் திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஹீமோகுளோபின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள்) இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. ஸ்கேனில் ஃபைப்ராய்டு (கருப்பையில் வளரும் தசைக்கட்டி) தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார். ரத்தம் ஏற்றி, உடம்பு தேறியதும் கருப்பையை எடுத்தார்கள்.

முதல் நாள் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது என் கணவர் கேட்டார். "எங்கிட்டகூட சொல்லக் கூடாதா?"

"வெக்கமா இருந்துச்சி."

சொட்டிக்கொண்டிருந்த ரத்தப் பையைப் பார்த்தார். பிறகு, "நானும் கேக்கலியே" என்றார்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படி உதிரம் போய்க்கொண்டிருக்கலாம். சொல்ல வாய் வராவிட்டால் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள். எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதினால் போதும்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கழித்து மறுபடி காட்டப் போனோம். என் கணவர் முந்திக்கொண்டார். "இப்ப ஃபுல் கண்டிஷன்ல கீறா டாக்டர்."

"இல்லீங்க" என்றேன். "தூங்கி எழுந்தாலும் அசதியா கீது. தையல் போட்ட எடத்துல வலிக்குது. சும்மா ஒக்காந்துகினு இருந்தாலே அழுவ வருது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

உடம்பு இன்னும் பழையபடி ஆகவில்லை. ஆகும் என்று காத்திருக்கவும் இல்லை. முன்பு என் மாதம் அந்த நாட்களுக்கு முன், பின் என்று இரண்டாக இருந்தது. இப்போது ஒரே நீளமாகப் போகிறது. மத்தியானம் களைப்பு வந்தால் களைப்பு என்று சொல்லிவிட்டுப் படுக்கிறேன். சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் பொழுது சாயும்வரை.