தோளுக்கு நூல் பிடிக்காத குழி

எங்கள் ஊர் மாதா கோவில் கல்லறைத் தோட்டத்தில் ஆசீர்வாதம் அண்ணன் கைபடாத குழி ஒன்றுகூடக் கிடையாது. வலங்கைமானுக்குத் தெற்கே எங்கள் ஊர். சுற்றிலும் வயல், நடுவில் அந்தத் தோட்டம் மட்டும் கொஞ்சம் மேடு. அண்ணன் ஒல்லியான மனுஷர். அருள் நிறைந்த மரியே செபம் சொல்லாமல் முதல் மண்ணை வெட்ட மாட்டார்.

அளவெடுக்க அவரிடம் டேப் கிடையாது. இறந்தவர் வீட்டுக்குப் போய் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரு நூலைப் பிடிப்பார். அதுதான் குழியின் நீளம். தன் பெண்சாதிக்கும் அவரேதான் நூல் பிடித்தார், அழுதுகொண்டே. அகலத்துக்கு அளவே எடுப்பதில்லை. நடவும் அறுப்புமாக இருக்கிற எங்கள் சனம் எல்லாருமே அகலத்தில் ஒன்றுதான்.

மரியபுஷ்பத்தின் ஒரே மகன் சகாயராஜ் பட்டாளத்தில் இருந்தான். அவன் அப்பாவுடைய தாத்தா சவரிமுத்துவும் பட்டாளத்துக்காரர்தான். பர்மா சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பியவர். அவர் படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும். சகாயராஜோ லீவில் வந்தால் வாசல் நிலைக்குக் குனிந்துதான் வருவான்.

ஒருநாள் அண்ணன் அவனை வம்புக்கு இழுத்தார். “உன்னைப் பட்டாளத்துக்கு எடுக்கறப்ப மாரை எல்லாம் அளந்தாங்களாமேடா?”

“ஆமா மாமா. மூச்சை இழுக்கச் சொல்லி ஒருவாட்டி, விடச் சொல்லி ஒருவாட்டி. எடை போட்டாங்க. பல்லைக்கூட பாத்தாங்க.”

“அப்ப உன் பூட்டனை எப்படிடா எடுத்தான் வெள்ளைக்காரன்?”

“சண்டை நடக்குது, அவனுக்கு ஆள் வேணும். நீங்க அந்தப் பக்கமாப் போயிருந்தா உங்களையும் புடிச்சிட்டுப் போயிருப்பான்.”

“போடா. எனக்குத் தோதா சட்டை தேடறதுக்குள்ள சண்டையே முடிஞ்சிருக்கும்!”

மரியபுஷ்பம் சோற்றுக் கரண்டியோடு நின்று சிரித்தாள்.

போன ஐப்பசியில் சேதி வந்தது. வடக்கே மலைச்சாலையில் சகாயராஜ் போன வண்டி உருண்டுவிட்டதாம். எங்கள் பக்கம் அடைமழை. முழங்கால் ஆழம் வெட்டினாலே ஊற்று பொங்கும். சவரிமுத்து குடும்பத்துக்கு மட்டும் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசிய கட்டுக்குழி உண்டு. சவரிமுத்துவுக்காகக் கட்டியது. சகாயராஜின் அப்பாவும் அதில்தான் இருக்கிறார்.

மரியபுஷ்பம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, எம்புள்ளைய தண்ணியில மட்டும் போட்டுடாதீங்க. அவன் அப்பாரு பக்கத்திலயே வெச்சிருங்க.”

“வெச்சிடறேன் தங்கச்சி. ஒரு சொட்டு படாது.”

உடம்பு வந்து சேரவில்லை, நூலுக்கு என்ன செய்வது? அவன் தலை எட்டுகிற இடத்தை அவளே வாசல் நிலையில் தொட்டுக் காட்டினாள். அங்கிருந்து தரை வரைக்கும் நூலைப் பிடித்தார். பழைய எலும்புகளைப் பயபக்தியோடு ஒதுக்கி வைத்தார். கால்மாட்டுச் சுவரை இடித்து, நீளம் கூட்டி, உள்ளே பூசி முடித்தார். குழி காய்ந்து கிடந்தது. ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னோம்.

மறுநாள் பட்டாளத்து வண்டி வந்தது. பெட்டியைத் தூக்கிய பிள்ளைகள் எல்லாம் சகாயராஜைப் போலவே வாட்டசாட்டமாக இருந்தார்கள். கொடியை மடித்துத் தாயிடம் கொடுத்தார்கள். வேட்டுப் போட்டார்கள். பங்குச்சாமி மந்திரித்த தண்ணீர் தெளித்தார். கயிறு விட்டு இறக்கினார்கள். கால் பக்கம் இறங்கியது. தோள் பக்கம் இரண்டு சுவருக்கும் நடுவே சிக்கி நின்றுவிட்டது.

“ஏம்ப்பா, அகலம் பாக்கலையா?” என்றார் கோவில் உபதேசியார்.

“நம்ம ஊர்ல யாருக்குங்க நான் தோளுக்கு நூல் புடிச்சிருக்கேன்?” என்றார் அண்ணன்.

வேறு சின்னப் பெட்டியில் மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். தலைவராக வந்திருந்த அதிகாரி கூடாதென்று தலையாட்டினார். “சீல் வெச்சது, திறக்கக் கூடாதுங்க. பெட்டி பெரிசில்லை. ஆள் அகலம் அவ்வளவு.”

பெட்டியை மறுபடி மேலே ஏற்றி வைத்தார்கள். வானம் மறுபடியும் கறுத்தது. அண்ணன் கடப்பாரையை எடுத்துத் தலைமாட்டில் இரண்டு பக்கச் சுவரையும் பெயர்த்தார். இரண்டாவது செங்கல் விழும்போதே தண்ணீர் உள்ளே பாய்ந்தது. வாளி வாளியாக இறைத்தோம். இறைக்க இறைக்க வந்தது. நான் மாதாவை வேண்டினேன், எல்லாரும்தான் வேண்டினார்கள்.

வேறு வழியில்லாமல் இறக்கினார்கள். பெட்டி தண்ணீரில் மிதந்தது.

அண்ணன் குழிக்குள் குதித்தார். பெட்டிமேல் மாரை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். அவர் கனம் போதவில்லை. பெட்டி அவரையும் சேர்த்துத் தூக்கியது. ஒரு பட்டாளத்துப் பிள்ளை பூட்ஸோடு இறங்கி அவர் பக்கத்தில் சாய்ந்தான். அப்புறம் இன்னொருவன். மெதுவாக இறங்கியது. கையை எடுத்தால் மறுபடி எழும்பிவிடும்.

மேட்டில் நின்ற மரியபுஷ்பம் கேட்டாள். “அண்ணே, புள்ள நனையறானா?”

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கழுத்தளவு சேற்றுத் தண்ணீரில் பெட்டியைக் கட்டிக்கொண்டபடி எங்களைப் பார்த்துச் சொன்னார்:

“மண்ணைத் தள்ளுங்கப்பா. நான் ஏறிக்கறேன், நீங்க தள்ளுங்க.”