நீர் வடிந்த நேரத்தில் அளந்த நிலம்

சதுப்பு நிலம் எது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் இடுப்பு வரை சேற்றில் புதைந்து, ஒரு காலை உருவ இன்னொரு காலை அழுத்தி, கடைசியில் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிய உடம்பு இது. அதனால்தான் ஒரு தாளில் இருந்த வாசகத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. 'ஆண்டு முழுவதும் நீர் தேங்கி நிற்கும் நிலம்.' அதுதான் சதுப்பாம். மற்றதெல்லாம் உலர்ந்த நிலமாம்.

எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் நில அளவை ஆபீஸ் இருந்தது. எனக்குக் கோல் பிடிக்கும் வேலை. சர்வேயர் முக்காலியில் வைத்த கருவி வழியாகப் பார்ப்பார். நான் தூரத்தில் போய், எண்கள் எழுதிய அளவுகோலை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பேச வேண்டாம், கையசைவு போதும். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு ஏற்ற வேலை. “அந்தக் கோலாச்சும் நம்பர் காட்டும், இவன் அதுவும் காட்ட மாட்டான்லா” என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சர்வேயர் என்னைக் கேட்பார். ஜெஞ்சாரோம், தெலுக் பங்லிமா காராங் என்ற கடலோர ஊர்கள் பக்கம் வேலை வந்தால் எத்தனை மணிக்குப் போகலாம் என்று. நான் பிறந்த தோட்டம் அந்தப் பக்கம். கடல் ஏறினால் ஆறு ஏறும், ஆறு ஏறினால் வாய்க்கால் ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலையும் மாலையும் நீர் பொங்கி வரும், நடுப்பகலில் வடிந்துவிடும். நான் நாட்காட்டியைப் பார்த்து, மதியம் ஒரு மணி என்பேன். அப்போதுதான் நடக்க முடியும். பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் சர்வேயரின் சப்பாத்து, காலணி, நனையாது. இதில் எனக்குப் பெருமை வேறு.

அப்படித்தான் தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஆற்றோரத்தில் ஒரு துண்டு நிலத்துக்குப் போனோம். மதியம் ஒரு மணி. தரை ஈரமாக இருந்தது, ஆனால் கால் புதையவில்லை. நான் நின்ற இடத்தில் நீப்பா பனை மட்டைகளில் முழங்காலுக்கு மேல் சேற்றுக் கோடு தெரிந்தது. நீர் அங்கே வரை வந்து போகிறது என்று அதைப் பார்த்த குழந்தைகூடச் சொல்லும். பாஸ் கரைமேல் உட்கார்ந்து தாளை நிரப்பினார். நில வகை என்ற இடத்தில் மலாயில் 'கெரிங்' என்று எழுதினார். உலர்ந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எல்லைக் கற்களை நட்டுவிட்டு வந்தோம்.

இரண்டு வருடம் கழித்து அக்கா வேலை செய்த செம்பனைத் தோட்டம் கைமாறியது. லயத்து வீடுகளைக் காலி செய்கிறவர்களுக்குப் பதில் வீடு தருவதாகப் புதுக் கம்பெனி சொன்னது. அக்காவும் மாமாவும் லயத்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் புது வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பால் காய்ச்ச நான் போனேன். வாசலில் நின்றது நான் நட்ட கல்.

சதுப்பு என்று எழுதியிருந்தால், மண் கொட்டி உயர்த்திய பிறகுதான் அங்கே வீடு கட்ட அனுமதி. கெரிங் என்று எழுதியதால் ஒரு லோரி மண்கூட இறங்கவில்லை. அடுத்த அமாவாசைக்கு நான் போயிருந்தேன். அக்கா விரதச் சமையலில் இருந்தபோது நீர் அடுப்படிக்குள் வந்தது.

“மச்சான், அடுத்த தடவ பஸ்ல வராதே. சம்பான் படகு எடுத்துட்டு வா” என்றார் மாமா. அக்கம்பக்கத்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பால் டின்னால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“நீ கோல் புடிச்ச எடந்தானேடா இது. தண்ணி வரும்னு ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

அவள் அடுத்த டின் தண்ணீரை அள்ளி ஊற்றினாள். திட்டியிருந்தால் தேவலை.

மாமாவும் மற்றவர்களும் கம்பெனிக்கு நடையாய் நடந்தார்கள். கடைசியில் கம்பெனி, மறுபடியும் அளக்கிறோம், சதுப்பு என்று வந்தால் மண் கொட்டி வீட்டை உயர்த்தித் தருகிறோம் என்றது. அந்த வேலையும் எங்கள் ஆபீஸுக்கே வந்தது. பாஸ் வழக்கம்போல நேரம் கேட்டார்.

“அமாவாசை கழிச்சு மூணாம் நாள், பாஸ். காலையில ஏழு மணி.”

“ஏன்யா அவ்வளவு வெள்ளன?”

“வெயில் ஏறாது.”

அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

ஏழு மணிக்கு நீர் வாய்க்காலைத் தாண்டி வாசலெல்லாம் பரவியிருந்தது. பாஸ் முழங்கால் நீரில் நின்றார், சப்பாத்தோடு. நான் அக்காவின் அடுப்படி வாசலில் கோலை ஊன்றி, ஒரு மயிரிழை சாயாமல் பிடித்தேன். அவர் எண்ணைப் பார்த்து எழுதினார். பிறகு என்னிடம் வந்தார்.

“நீ சொன்ன நேரம் தப்பு.”

“இல்ல பாஸ். இதுக்கு முன்னால சொன்னதெல்லாந்தான் தப்பு.”

அவர் முக்காலியை மடித்தார். அக்கா எங்கள் இருவருக்கும் காப்பி கொடுத்தாள். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தோம். மாமா எந்தப் பக்கத்திலிருந்து மண் லோரி உள்ளே வர முடியும் என்றுகூடப் பார்த்து வைத்தார்.

ஒரு மாதத்தில் கம்பெனியின் முடிவு ஒரு தாளில் வந்தது. பாஸ் எனக்குத் தமிழில் சொன்னார். நீர் வந்தது உண்மை, எவ்வளவு உயரம் என்பதும் எழுதியிருக்கிறது. ஆனால் அது கடல் ஏற்றத்தால் வருவது, நடுப்பகலில் வடிந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் தேங்கி நிற்பதில்லை. ஆகவே சதுப்பு இல்லை.

“மாசத்துல பத்து நாள் வருது பாஸ்.”

“வருதுதான். நிக்கலையே.”

வந்து வந்து அடித்துவிட்டுப் போகிறவன், இரவு தங்கவில்லை என்பதற்காக அடிக்காதவன் ஆகிவிடுவானா? இதை அவரிடம் கேட்கவில்லை. அந்த வாசகத்தை எழுதியவன் குளிரூட்டிய அறையில் காய்ந்த காலோடு உட்கார்ந்து எழுதியிருப்பான். நண்டும் சேறும் நீப்பாவும் சொல்வதை அவன் கேட்க வேண்டியதில்லை. ஈரமான அரிசி மூட்டையை அவன் தூக்க வேண்டியதில்லை. எதைச் சொன்னால் மண் கொட்ட வேண்டாமோ அதற்கு ஏற்ற ஒரு வரி இருந்தது, போதும்.

மாமா உடைந்த செங்கல்லை மோட்டார் சைக்கிளில் சுமந்து அடுப்படியை மட்டும் உயர்த்தினார். மற்ற அறைகளில் சுவரில் சேற்றுக் கோடு ஏறியது. அக்கா அதைத் துடைப்பதை விட்டுவிட்டாள்.

நான் அந்த ஆபீஸை விடவில்லை. எனக்கு வேறு வேலை தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு பாஸ் எந்தக் கடலோர நிலத்துக்கு நேரம் கேட்டாலும், நீர் ஏறும் நேரத்தை மட்டுமே சொன்னேன். இரண்டு முறை நனைந்தார். பிறகு என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டு, கடல் ஏறி இறங்கும் நேரங்கள் அச்சிட்ட சிறு புத்தகம் ஒன்றை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். பழையபடி மதியம் ஒரு மணிக்கே போனோம். பழையபடி நான் கோல் பிடித்தேன்.

ஒருநாள் அவர் இல்லாதபோது அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். எண்கள் எனக்குப் படிக்க வரும். இறங்கும் நேரத்தின் கீழெல்லாம் பென்சில் கோடு போட்டிருந்தார். ஒவ்வொரு நாளுக்கும், அதே வரியில், பக்கத்திலேயே, ஏறும் நேரமும் அச்சாகியிருந்தது.